கொடியில் இருக்கும் பச்சை



தேசியக் கொடியைப் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்தும்போது, "பச்சை எங்கட நிறம், செம்மஞ்சள் தமிழருடையது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அந்த நிறங்கள் கொடிக்குள் வந்த கதையையும் சொல்ல வேண்டும்.

கண்டியின் சிங்கக்கொடியையே சுதந்திர இலங்கையின் கொடியாக்க வேண்டும் என்று 1948 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் பிரேரித்தவர் ஒரு கிழக்கு மாகாண முஸ்லிம்: மட்டக்களப்பு உறுப்பினர் முதலியார் ஏ. சின்னலெப்பை. அந்தக் கொடியில் பச்சையும் இல்லை, செம்மஞ்சளும் இல்லை. மற்றச் சமூகங்களுக்கும் அடையாளம் வேண்டும் என்ற கேள்வி எழுந்தது. குழு ஒன்று நியமிக்கப்பட்டது. டி. பி. ஜாயா, ஜி. ஜி. பொன்னம்பலம், செனட்டர் எஸ். நடேசன் ஆகியோரும் அதில் இருந்தார்கள். இரண்டு கோடுகளைச் சேர்க்கும் பரிந்துரைக்கு நடேசன் உடன்படவில்லை. 1951 மார்ச்சில் நாடாளுமன்றம் அதனை ஏற்றது. நமது துறைமுகத்தின் பிரித்தானியக் கடற்படைத் தளம் 1957 அக்டோபரில் கையளிக்கப்பட்டபோது நாட்டின் கொடி இந்தக் கோடுகள் சேர்ந்த கொடிதான்.

கொடியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சிங்கத்துக்கும் கோடுகளுக்கும் நடுவே மஞ்சள் கரை உண்டு. பச்சைக்கும் செம்மஞ்சளுக்கும் நடுவே எந்தக் கரையும் இல்லை. இரண்டுக்கும் ஒரே அகலம்.

2015இல் கோடுகளே இல்லாத சிங்கக்கொடியைச் சிலர் ஏந்தியதையும் நாம் கண்டோம். அதில் பச்சை மட்டும் போகவில்லை. இரண்டும் சேர்ந்தே போயின. திருகோணமலையில் அடுத்தடுத்த வீட்டில் வாழும் நாம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய பாடம் இதுதான்: பக்கத்துக் கோடு நிலைத்தால்தான் நமது கோடும் நிலைக்கும்.