சந்திராதித்தவரையும் ஊழியம் உள்ளவரையும்

பொது ஸ்தாபனம் ஒன்று தனக்குரிய நிலத்தில் ஒரு குடும்பத்தைக் குடியேற்றினால், அந்தக் குடும்பம் அங்கே குறித்த சில ஆண்டுகள் மட்டும் இருக்க வேண்டுமா, ஆயுள் முடியுமட்டும் இருக்கலாமா, அல்லது பிள்ளையும் பேரனும் அதனை ஆண்டு அனுபவிக்கலாமா என்னும் கேள்வியைச் சமீப காலத்துச் சர்க்கார் வீட்டு வசதித் திட்டங்களோடு பிறந்ததாகவே பலரும் எண்ணுகிறார்கள். ஆனால் சித்தூர், திருப்பதி வட்டாரத்தின் சரித்திரத்தைப் புரட்டிப் பார்ப்பவருக்கு, அக்கேள்விக்கு அங்கே பல நூற்றாண்டுகளாக வெவ்வேறு விடைகள் சொல்லப்பட்டு வந்திருப்பதும், ஒவ்வொரு விடையும் தனக்கே உரிய நன்மை தீமைகளை மக்கள் வாழ்க்கையில் பதித்துச் சென்றிருப்பதும் நன்றாக விளங்கும்.

மலையடிவாரத்தில் கோவிந்தராஜர் சந்நிதியைப் பிரதிஷ்டை செய்து, அதனைச் சூழ வீதிகள் வகுத்துக் கைங்கரியம் செய்வோரைக் குடியமர்த்தியவர் ஸ்ரீ ராமாநுஜர் என்பது வைஷ்ணவ ஐதிகம். இன்றைய திருப்பதி நகரம் அந்தச் சந்நிதியை மையமாகக் கொண்டே வளர்ந்தது. பிற்காலத்தில் சாளுவ நரசிம்மரும், 1513 முதல் பன்முறை மலையேறி வந்து தரிசித்த கிருஷ்ணதேவராயரும், அவருக்குப் பின் வந்த அச்சுதராயரும் கோயிலுக்கும் கோயிலை அண்டி வாழ்ந்தோருக்கும் கிராமங்களையும் தனத்தையும் வாரி வழங்கினார்கள். கோயிற்சுவர்களில் பெரும்பாலும் தமிழிலேயே பொறிக்கப்பட்டிருக்கும் அக்காலத்துச் சாசனங்கள், கொடுத்த தர்மம் சந்திராதித்தவரை, அதாவது சந்திரனும் சூரியனும் உள்ளவரை, நடக்கக் கடவது என்று விதிக்கின்றன. தருகிறவர் தம் ஆயுளையோ பெறுகிறவரின் ஆயுளையோ எண்ணாமல், உலகத்தின் ஆயுளையே ஒப்பந்தக் காலமாக வைத்தார்.

அந்த நிரந்தரத்தில் ஒரு மகத்தான நன்மை இருந்தது. உபயமாக வந்த தனத்தைக் கோயில் ஸ்தானத்தார் பெட்டியில் பூட்டி வைக்காமல், கோயிற் கிராமங்களில் ஏரியும் காலும் வெட்டச் செலவிட்டு, அதனால் பெருகிய விளைச்சலைக் கொண்டே நித்திய நைவேத்தியத்தை நடத்தினார்கள். நாளை என்ன ஆகுமோ என்ற ஐயம் இல்லாத இடத்தில்தான் இத்தகைய நீண்டகால முயற்சி கைகூடும். ஆனால் அதே நிரந்தரத்துக்குள் ஒரு தீமையும் மறைந்திருந்தது. தர்மம் செய்தவருக்கு நைவேத்தியப் பிரசாதத்தில் நாலில் ஒரு பங்கு உரியது. அதற்கு விட்டவன் விழுக்காடு என்று பெயர். பக்திக்குச் செய்த மரியாதையாகத் தொடங்கிய இப்பங்கு சந்ததிக்கு இறங்கியதோடு நில்லாமல், நாளடைவில் பிறருக்கு மாற்றித் தரவும் விற்கவும் உரிய சொத்தாயிற்று. காலவரையறை இல்லாத பாத்தியதை கைமாறவும் தக்கதாகிவிட்டால், அது யாருக்காக ஏற்பட்டதோ அவரை விட்டு விலகி, விலை கொடுக்க வல்லவரிடம் போய்ச் சேரும் என்பது நாம் இதிலிருந்து பெறும் முதற்பாடம்.

1801-இல் கர்நாடக நவாபின் சீமை கிழக்கிந்தியக் கும்பினியார் வசமானபோது திருப்பதிக் கோயிலின் மேற்பார்வையும் அவர்களிடம் வந்தது. 1821-இல் புரூஸ் என்னும் அதிகாரி தொகுத்த விதிகள் கோயில் நிர்வாகத்துக்கு ஓர் ஒழுங்கைத் தந்தன. 1843-இல் ஹாதிராம்ஜி மடத்து மஹந்துகளிடம் பொறுப்பை ஒப்படைத்துக் கும்பினியார் விலகினர். 1933-இல் தேவஸ்தானக் கமிட்டி ஏற்படும் வரை மஹந்துகளின் ஆட்சி நீடித்தது. இத்தனை மாறுதல்களுக்கிடையே மாறாமல் நின்றது மிராசு. அர்ச்சகர் குடும்பங்கள் நான்கும், சந்நிதி கொல்லா முதலிய ஏனைய கைங்கரியக் குடும்பங்களும் ஊழியத்தையும் அதற்குரிய வருமானத்தையும் தலைமுறை தலைமுறையாக அனுபவித்து வந்தன. கோயிலைச் சுற்றிய மாட வீதிகளில் அத்தகைய குடும்பங்களும் வியாபாரிகளும் வாழ்ந்த வீடுகள் நெருங்கி நின்றன. திருமலை யாத்ரீகர் வந்து போகும் தலமாக மட்டுமின்றி, பிள்ளைகள் பிறந்து வளரும் ஊராகவும் இருந்தது.

அந்த ஊர் கலைந்த கதை துயரமானது. யாத்ரீகர் தொகை பெருகப் பெருக மாட வீதிகளை அகலப்படுத்துவது அவசியமாயிற்று என்பதை எவரும் மறுக்க இயலாது. ஆயினும், பரம்பரையாக இருந்த குடும்பங்கள் வீட்டை இழந்து, சிலர் மலைமேலேயே பாலாஜி நகருக்கும், பலர் அடிவாரத்துக்கும் பெயர நேர்ந்தது. 1987-இல் ஆந்திரப் பிரதேச அறநிலையச் சட்டம் மிராசு உரிமைகளை ஒழித்தது. 1996-இல் சுப்ரீம் கோர்ட்டு அதனை ஆதரித்துத் தீர்ப்பளித்தது. 2007-இல் வந்த திருத்தம் அர்ச்சகர் குடும்பங்களுக்கு மீண்டும் ஓரளவு இடமளித்தது. தகுதி நோக்காது பிறப்பால் மட்டும் உத்தியோகம் அடைவதை நிறுத்தியது நியாயமே என்று நான் கருதுகிறேன். ஆனால் உத்தியோகத்துக்குக் காலவரம்பு விதிப்பது வேறு, தலைக்கு மேலுள்ள கூரைக்குக் காலவரம்பு விதிப்பது வேறு. ஊழியம் உள்ளவரை குவார்ட்டர்ஸ், ஓய்வு பெற்றதும் காலி செய்ய வேண்டும் என்னும் விதியின்கீழ், வாழ்நாள் முழுவதும் பிறர் தங்குவதற்கு வசதி செய்து கொடுத்த ஊழியர், முதுமையில் தாம் தங்க இடம் தேட வேண்டியவராகிறார். 2023-ஆம் ஆண்டின் இறுதியில் தேவஸ்தானம் தன் ஊழியர்களுக்கு வடமாலைப்பேட்டை அருகே வீட்டுமனைப் பட்டாக்கள் வழங்கத் தொடங்கியது, இந்தக் குறையை அந்த ஸ்தாபனமே உணர்ந்ததற்கு அடையாளம்.

கோயிலைவிடப் பெரிய நிலச்சுவான்தார் சர்க்கார். 1911-இல் தனி ஜில்லாவாகி, 1953-இல் ஆந்திர ராஜ்யத்தில் சேர்ந்த சித்தூரில், கார்வேட்டிநகரம், காளஹஸ்தி முதலிய ஜமீன்கள் 1948-ஆம் வருஷத்துச் சென்னைச் சட்டத்தால் ஒழிந்தபின், நிலமற்ற ஏழைகளுக்கு நிலத்தைப் பட்டா செய்து கொடுக்கும் பொறுப்பு முழுவதும் சர்க்காரையே சார்ந்தது. அத்தகைய நிலம் பிள்ளைகளுக்கு இறங்கலாம், பிறருக்கு விற்கலாகாது என்பதே அடிப்படை விதி. அதனை மீறி நடந்த கிரயங்கள் செல்லாவென்று 1977-ஆம் ஆண்டுச் சட்டம் உறுதி செய்தது. விட்டவன் விழுக்காடு கற்பித்த பாடத்தை அச்சட்டம் உணர்ந்திருந்தது. எனினும் கலியாணச் செலவுக்கும் வைத்தியச் செலவுக்கும் வேறு வழி காணாத ஏழைகள் பதிவு செய்யப்படாத வெற்றுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்து, நியாயமான விலையும் பெறாமல் நிலத்தை விட்டுப் போனார்கள். 2023-இல் வந்த திருத்தம், 20 ஆண்டு கழிந்த விவசாய நிலங்களை விற்கும் உரிமையை முதலில் பெற்றவருக்கே அளித்துவிட்டது. 2020 டிசம்பரில் மாநிலமெங்கும் லட்சக்கணக்கான பெண்களின் பெயரில் மனைப்பட்டாக்கள் வழங்கப்பட்டபோதும், அந்த மனைகள் எத்தனை காலம் அந்தப் பெண்களிடமே நிலைக்கும் என்ற கேள்வி உடன் பிறந்தது.

விற்கும் உரிமையும் காலவரம்பும் வேற்று நாட்டில் என்ன விளைவித்தன என்பதையும் பார்ப்போம். இங்கிலாந்தில் முனிசிபல் வீடுகளில் குடியிருப்போருக்கு 1980-ஆம் வருஷத்துச் சட்டம் ஆயுட்கால உரிமையோடு, வீட்டை விலைக்கு வாங்கிக் கொள்ளும் உரிமையையும் தந்தது; வாங்கப்பட்ட வீடுகளுக்கு ஈடாகப் புதியன போதிய அளவு எழாமையால், காத்திருக்கும் ஏழைகளுக்கு வீடு அரிதாயிற்று. பற்றாக்குறையைச் சமாளிக்க 2011-இல், குறித்த சில ஆண்டுகளுக்கு மட்டும் வீடு தரும் தவணைக் குடியிருப்புக்கு வழி செய்தார்கள். 2016-இல் அதனைக் கட்டாயமாக்கவும் சட்டம் இயற்றி, இரண்டே ஆண்டுகளில் அந்த யோசனையைக் கைவிட்டார்கள். தவணை முடிவு நெருங்கும்போது குடும்பத்தின் வருமானத்தைச் சோதித்து வெளியேற்றலாம் என்ற விதி, சற்று முன்னேறிய குடும்பத்தை அதன் முன்னேற்றத்துக்காகவே தண்டிக்கிறது; குழந்தைகளின் பள்ளிப்படிப்பை நடுவழியில் முறிக்கிறது; இன்னும் சில ஆண்டே இருக்கப்போகும் இடத்தில் ஒரு மரம் நடவும் மனம் வராதபடி செய்கிறது.

ஆகவே திருப்பதியின் சரித்திரமும் இங்கிலாந்தின் அனுபவமும் நமக்குக் காட்டும் நியாயம் இதுவே: சந்திராதித்தவரை என்பதும் வேண்டாம், தவணை என்பதும் வேண்டாம். பொதுநிலத்தில் வீடு பெற்றவரும் அவரது வாழ்க்கைத் துணையும் உயிரோடிருக்கும் காலம் முழுவதும், உத்தியோகம் போனாலும் வருமானம் உயர்ந்தாலும், அந்த வீட்டில் அச்சமின்றி வாழ வேண்டும். அந்த உரிமையைச் சந்தையில் விற்பதும் வட்டிக்காரரிடம் அடகு வைப்பதும் இயலாதிருக்க வேண்டும். அவசரச் செலவுக்குக் குறைந்த வட்டியில் சர்க்காரே கடன் தருவது அதன் இன்றியமையாத அங்கம். அவர்களுக்குப் பின் வீடு மீண்டும் பொதுவுடைமையாகி, அங்கேயே வளர்ந்து வேறு வீடில்லாத பிள்ளைக்கு முதலிடமும், அப்படி ஒருவர் இல்லையேல் காத்திருக்கும் இன்னோர் ஏழைக்கு அடுத்த இடமும் தர வேண்டும். வீடுகள் போதவில்லையென்றால் அதற்கு மருந்து, இருப்பவரை வெளியேற்றுவதன்று, மேலும் கட்டுவதே. திருப்பதியிலும் சித்தூரிலும் வீட்டுமனைப் பட்டா வழங்கும் அதிகாரிகள் ஒவ்வொரு பட்டாவிலும் இந்த ஆயுட்கால உறுதியை ஐயத்துக்கிடமின்றி எழுதித் தர வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.