ஒரு பயணமும் பல சீட்டுக்களும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பயணஞ் செய்வோனுக்கு அவனுடைய பயணம் ஒன்று. அதற்கான சீட்டுக்களோ பல. நயினாதீவிலிருந்து கிளிநொச்சி அறிவியல்நகருக்குப் படிக்கச் செல்லும் மாணவன் குறிகட்டுவான் வரை படகுக்கும், யாழ்நகர் வரை பேருந்துக்கும், அதற்கப்பால் மற்றொரு பேருந்துக்கோ புகையிரதத்துக்கோ வெவ்வேறாகப் பணங் கொடுக்க வேண்டியவனாகின்றான். இடையிடையே மிச்சக்காசுக்காக நடத்துனரின் முகத்தைப் பார்த்திருப்பதும் உண்டு. (இறங்கும்போது தருவதாகச் சொல்லப்பட்ட மிச்சக்காசில் இக்கட்டுரையாளனுக்கு வரவேண்டிய பாக்கி சிறிதன்று.)

1997 இல் ஹொங்கொங்கில் 'ஒக்டோபஸ்' அட்டை வழக்கிற்கு வந்தது. இந்தியாவில் 2019 மார்ச் 4 ஆம் நாள் தேசியப் பொதுப் பயண அட்டை அகமதாபாத்தில் தொடங்கிவைக்கப்பட்டது. ஒரு நகரத்து அட்டை மற்றொரு நகரத்திலும் செல்லுபடியாக வேண்டும் என்பதே பின்னையதன் நோக்கம். இவற்றைக் கண்டவர்கள், 'எமக்கும் அப்படி ஓர் அட்டை வேண்டும்' என்கின்றனர். வேண்டுகோள் நியாயமானதே. ஆயினும் அட்டையிற் பதிக்கப்பட்ட சிறு மின்சில்லினை அதிசயமாகக் கருதுவோர், பிரச்சினையின் வேர் அங்கில்லை என்பதைக் கவனிப்பதில்லை.

வேர் கணக்கில் உள்ளது. 1842 இல் இங்கிலாந்துப் புகையிரதக் கம்பனிகள் சில இலண்டனிற் கூடிக் கணக்குத் தீர்க்கும் நிலையம் ஒன்றை நிறுவின. அதற்கு முன்னர் ஒரு கம்பனியின் பாதை முடியுமிடத்தில் இறங்கி, அடுத்த கம்பனியின் சீட்டை வாங்குதல் பலருக்கு நேர்ந்தது. நிலையம் தோன்றியபின், ஒருவன் ஒரே சீட்டுடன் பல கம்பனிகளின் பாதைகளைக் கடந்து சென்றான்; அவன் செலுத்திய பணம் பின்னர் மைல்கணக்கிற் பங்கிடப்பட்டது. சீட்டு வெறுந் தடித்த அட்டைத் துண்டுதான். தோமஸ் எட்மன்சன் என்ற நிலைய அலுவலர் வகுத்த அவ்வடிவமே இலங்கைப் புகையிரத நிலையங்களிலும் நெடுங்காலம் வழங்கியது. ஹொங்கொங்கிலும் இதுவே நிகழ்ந்தது: அட்டை வருவதற்கு மூன்று ஆண்டுகள் முன்னரே, 1994 இல், ஐந்து போக்குவரத்து நிறுவனங்கள் கூட்டுக் கம்பனியொன்றை அமைத்துக்கொண்டன. கூட்டு முந்தியது, அட்டை பிந்தியது.

இந்நோக்கில் எமது வரலாற்றைப் பார்த்தல் தகும். காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே 1902 மார்ச்சில் ஓடத் தொடங்கிய புகையிரதம், 1905 ஓகஸ்டில் கொழும்புடன் இணைந்தது. அன்றுமுதல் குடாநாட்டின் வடகரையிலிருந்து தலைநகர்வரை ஒரே சீட்டிற் செல்ல முடிந்தது. பாதை முழுவதற்கும் உடைமையாளர் அரசாங்கம் ஒன்றே ஆதலின் பங்கிடும் சிக்கல் எழவில்லை. பேருந்தின் கதை வேறு. தனியார் வண்டிகள் பிரயாணிகளுக்காக ஒன்றையொன்று முந்தி ஓடிய போட்டியை அடக்க 1942 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வழித்தட உரிமங்களை வகுத்தது. அதனால் வழித்தடத்துக்கோர் உடைமையாளர் தோன்றினார். வழித்தடம் மாறும்போது கம்பனியும் மாறியது.

1958 சனவரி முதலாந் திகதி அக்கம்பனிகள் தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவாயிற்று. குடாநாட்டின் வீதிகளெல்லாம் ஒரே சபையின் கணக்குக்குள் வந்த காலம் அது. பேருந்துகளைப் பொறுத்தவரை பொதுச்சீட்டு ஒன்றினை எளிதில் ஏற்படுத்தியிருக்கக்கூடிய காலமும் அதுவே எனலாம். ஆனால் பருவச்சீட்டு குறித்த இரண்டு இடங்களுக்கிடையிலான வழிக்கு உரியதாகவே இருந்தது. புகையிரதத் திணைக்களமும் தன் பருவச்சீட்டைத் தனியே வைத்துக்கொண்டது. ஒரே அரசின் இரண்டு கரங்கள் தம்முட் கணக்குத் தீர்த்துக்கொள்ளவில்லை. 1978 இல் சபை பிராந்தியச் சபைகளாகப் பிரிக்கப்பட்டது. 1979 இல் தனியார் பேருந்துகள் மீண்டும் வீதிக்கு வந்தன. இதன் விளைவை மாணவர் நன்கறிவர்: சபையின் பருவச்சீட்டை வைத்திருப்பவன், பின்னால் வெறுமையாக வரும் தனியார் வண்டியைப் போகவிட்டு, நிறைந்துவரும் சபை வண்டிக்காகத் தரிப்பிடத்திற் காத்துநிற்கின்றான்.

அதன்பின் நிகழ்ந்தது சீட்டின் வரலாறன்று; அனுமதியின் வரலாறு. 1990 இல் வடபகுதிப் புகையிரதம் நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. கிளாலிக் கடல்நீரேரியை இரவிற் படகிற் கடந்தவர்களுக்குக் கட்டணத்தைவிட 'பாஸ்' என்பதே பெரிதாயிற்று. விடுதலைப் புலிகளின் ஆட்சிப் பகுதியை விட்டு வெளியேற அவர்களது அனுமதி வேண்டியிருந்தது. 1996 இன் பின்னர் கப்பலேறித் திருகோணமலை செல்வதற்குப் படையினரின் அனுமதி வேண்டியிருந்தது. யார், எங்கே, எதற்காகச் செல்கிறார் என்று எழுதிவைக்கும் தாளொன்று இல்லாமற் பயணமில்லை என்ற நிலையிற் கடந்தது ஒரு தலைமுறை. 2014 ஒக்டோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தபோது, பெயர் கேளாத ஒரு சீட்டை வாங்கி ஏறியதில் முதியோர் பலருக்கு ஏற்பட்ட மனநிறைவை இதனோடு சேர்த்தே விளங்கிக்கொள்ள வேண்டும்.

ஆகவே ஒரே அட்டை என்பது இங்கு வசதியைப் பற்றிய வினா மட்டுமன்று. காசு பெயரற்றது, அட்டை நினைவுடையது. ஏறிய இடம், இறங்கிய இடம், நேரம் ஆகியவை கணக்குப் பங்கிடுவதற்கு அவசியமானவை. அவையே ஒருவனின் நடமாட்டக் குறிப்பாகவும் அமைந்துவிடும். இவ்வச்சத்தைக் காரணமாக்கி அட்டையை மறுத்தல் எமது கருத்தன்று. பெயர் பதியாது காசுகொடுத்து வாங்கக்கூடிய அட்டைகள் ஹொங்கொங்கிலேயே வழங்குகின்றன. அத்தகைய அட்டையும், குறிப்புக்களை எத்தனை நாளில் அழிக்கவேண்டுமென்ற விதியும் தொடக்கத்திலேயே எழுதப்படுதல் வேண்டும்.

எஞ்சியது பழைய பிரச்சினையே. கோண்டாவில், பருத்தித்துறை, காரைநகர்ச் சாலைகளின் வண்டிகளும், தனியார் சங்கங்களின் வண்டிகளும், புகையிரதத் திணைக்களமும் ஒரு கணக்கேட்டில் அமர வேண்டும். நேர அட்டவணையைப் பங்கிடுவதிலேயே பிணங்கிக்கொள்வோர் பணத்தைப் பங்கிட இணங்குவரா என்பது ஐயத்துக்குரியது. தனியார் வண்டியின் உரிமையாளருக்கு நாளாந்தம் டீசலுக்குக் காசு வேண்டும். குறிகட்டுவான் படகுக்காரருக்கும் அவ்வாறே. அன்றைய வருமானம் அன்றிரவே தம் கைக்கு வருமென்ற உறுதி கிடைக்கும்வரை, அவர்கள் சில்லறையைத்தான் கேட்பார்கள்.