கிரைண்டரில் அரைத்த சாக்லேட்

சென்ற மாதம் பொள்ளாச்சி போயிருந்தபோது என் மைத்துனன் ஒரு துணிப்பையில் இரண்டு கிலோ காய்ந்த கொக்கோ விதை கொடுத்தான். தென்னைக்கு ஊடுபயிராகப் பல வருடமாகக் கொக்கோ போடுகிறவன். "மாமா, இதுல செஞ்ச சாக்லேட்ட நான் ஒரு நாளும் தின்னதில்லீங்க. நீங்க செஞ்சு பாருங்க" என்றான். ரிட்டயர் ஆனவனுக்கு வேறென்ன வேலை?

இரும்புக் கடாயில் இளந்தீயில் கடலை வறுப்பதுபோல் வறுத்தேன். தோல் வெடித்ததும் ஆறவிட்டு, கையால் நொறுக்கி, மனைவி முறத்தில் புடைத்துக் கொடுத்தாள்.

சாக்லேட் என்றால் கடித்துத் தின்பது என்று நினைக்கிறோம். அதற்கு வயது இருநூறுகூட ஆகவில்லை. மெக்சிகோவின் அஸ்டெக் மக்கள் மிளகாய் போட்டு, பாத்திரம் மாற்றி உயரத்திலிருந்து ஊற்றி, நுரைக்க நுரைக்கக் குடித்தார்கள். (நம் டிகிரி காபி ஆற்றுவது நினைவுக்கு வருகிறதா?) விதையை அரைத்தது அடியில் தணல் வைத்துச் சூடாக்கிய கல்லில், நம் அம்மிக்குப் பங்காளி. 1828இல் ஹாலந்தின் வான் ஹவுட்டன் கொக்கோவைப் பிழிந்து வெண்ணெயைப் பிரிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1847இல் பிரிஸ்டல் நகரின் ஃபிரை கம்பெனி அந்த வெண்ணெயைத் தூளோடும் சர்க்கரையோடும் மறுபடி சேர்த்துக் கட்டியாக வார்த்தது.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. 1798லேயே கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் குற்றாலத்தில் கொக்கோ நட்டார்கள். ஆனால் விவசாயிகள் கைக்கு அது வந்தது, 1965இல் வயநாட்டில் கேட்பரி மாதிரிப் பண்ணை போட்ட பிறகுதான். பலரும் ஆசையாக நட்டார்கள். 1980களின் தொடக்கத்தில் விலை விழுந்தது, வாங்க ஆளில்லை. கேரளத்தில் ஏராளமானோர் மரத்தையே வெட்டினார்கள். பாலக்காட்டு எல்லையில் தோட்டம் வைத்திருந்த என் மாமனாரும் கோடாலி எடுத்தார். மகன் மறுபடி கொக்கோ நட்டபோது ஒரு வருடம் அவனோடு பேசவில்லை. மனைவிக்கு அந்த மரங்களில் ஞாபகம் இருப்பது ஒன்றுதான்: பழத்தை உடைத்து, விதை மேலிருக்கும் வெள்ளைச் சதையைச் சப்பித் துப்பியது.

சரி, அரைப்புக்கு வருவோம். பருப்பை மிக்சியில் பொடித்து, வெயிலில் சூடாக்கிய டேபிள் டாப் கிரைண்டரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டேன். தண்ணீர் ஒரு சொட்டுக்கூடப் படக்கூடாது, பட்டால் இறுகிப்போகும். பருப்பில் பாதிக்கு மேல் கொழுப்பு என்பதால் அதுவே இளகி மாவாகிறது. பிறகு பொடித்த சர்க்கரை. (நாட்டுச் சர்க்கரை வேண்டாம், ஈரம் உண்டு.) அமெரிக்காவில் சிறிய அளவில் சாக்லேட் செய்கிறவர்கள் பலர் கோவைக் கிரைண்டரைத்தான் வாங்குகிறார்களாம். என் வீட்டிலோ, "இனி இதுல இட்லிக்கு ஆட்ட முடியாது" என்று தீர்ப்பாகிவிட்டது.

ஒரு நாள் முழுக்க ஓடவேண்டியது. எட்டு மணி நேரத்தில் பொறுமை போய் நிறுத்திவிட்டேன். நாக்கில் நறநறத்தது. சூட்டை 45 டிகிரிக்கு ஏற்றி, 28க்கு இறக்கி, மறுபடி 31க்கு ஏற்றி வார்த்தால்தான் பளபளப்பு வரும். நான் அப்படியே தட்டில் கொட்டியதால் சாம்பல் பூத்தது.

பொள்ளாச்சிக்கு எடுத்துப்போனேன். மைத்துனன் ஒன்றும் பேசாமல் இரண்டு துண்டு தின்றான். தொண்ணூறு தாண்டிய மாமனார் பல்லில்லாத வாயில் வெகுநேரம் ஊறவைத்தார்.

"கசக்குது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னொண்ணு குடுங்க மாப்ளே."