அந்தமானில் கரைந்த சாதியும் எழுந்த படியும்

வெளி மாநிலங்களில் வாழும் தமிழராகிய நாம் ஒருவரையொருவர் சந்தித்தவுடன், "தங்களுக்கு எந்த ஊர்?" என வினவுகிறோம். அவ்வினாவுக்குள் வேறொரு வினாவும் ஒளிந்திருப்பதை நாம் அறிவோம். அந்தமானில் ஒரு காலத்தில் அந்த உள்வினா விடையற்றுப் போயிற்று.

1858 மார்ச்சில் டாக்டர் வாக்கர், ஏறத்தாழ 200 கைதிகளுடன் போர்ட் பிளேரில் இறங்கினார். பின்னும் பலர் வந்தனர். பல மாகாணத்தார், பல சாதியார். நன்னடத்தையுடன் ஆண்டுகள் பல கழித்தோர் நிலம் பெற்று, அரசின் அனுமதியுடன் பெண் கைதிகளை மணந்தனர். பெண்களோ மிகச் சிலர். ஆதலின் சமயம் பார்த்தோரும் சாதி பார்க்க இயலவில்லை. இந்துஸ்தானி பேசிய அவர்தம் மக்கள் 'லோக்கல் பார்ன்' எனப்பட்டனர். தாயகத்தில் அசையாத சுவர், இங்கே அடுப்பங்கரையில் சரிந்தது.

ஆயினும் ஏற்றத்தாழ்வு ஒழியவில்லை. 1918 முதல் காடு வெட்ட ராஞ்சிப் பகுதியிலிருந்து கொணரப்பட்ட ஆதிவாசித் தொழிலாளரில் பலருக்கு நிலவுரிமை கிட்டவில்லை. உறவுக் கட்டும் இல்லை. முன்வந்தோர், பின்வந்தோர் என்பதே புதிய அந்தஸ்தாயிற்று.

கொள்வினை கொடுப்பினையில் சாதி கரைகிறது. யாரை வாசலோடு நிறுத்துகிறோம் என்பதில் புதிய படி எழுகிறது. நமக்குப் பின் வந்தோரை நாம் எங்கே அமர்த்துகிறோம்?