ஒகயாமாவில் பிறந்த மஞ்சள் ஓடு

ரயில் நடைமேடையின் ஓரத்தில் நீளவாக்கில் பதித்திருக்கும் மஞ்சள் ஓடுகளைத் தினமும் மிதித்துக் கடக்கிறோம். கால் வழுக்காமல் இருக்கப் போட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அவை பார்வையற்றவர்களின் பாதத்துக்காகவும் வெண்கோலுக்காகவும் செய்யப்பட்டவை.

அவற்றின் பிறந்த ஊர் ஜப்பானில் உள்ள ஒகயாமா. அங்கே விடுதி நடத்திவந்த செய்இச்சி மியாகே பொறியாளர் அல்ல. ஆனால் கையால் எதையாவது செய்து பார்த்துக்கொண்டே இருப்பவர். அவருடைய நண்பர் ஹிதேயுகி இவஹாஷிக்குப் பார்வை போயிருந்தது. பாசி படர்ந்த இடம் முடிந்து வெறும் மண் தொடங்கும் எல்லையைச் செருப்புக் காலாலேயே உணர முடிகிறது என்று அந்த நண்பர் சொன்னதாகவும், அதிலிருந்தே மியாகேக்கு யோசனை பிறந்ததாகவும் சொல்வார்கள். 1965இல் புடைத்த புள்ளிகள் கொண்ட ஓடு உருவானது. 1967 மார்ச் 18 அன்று, ஒகயாமா பார்வையற்றோர் பள்ளிக்கு அருகே நெடுஞ்சாலையைக் கடக்கும் இடத்தில் 230 ஓடுகள் பதிக்கப்பட்டன. அவற்றை மியாகே நன்கொடையாகவே கொடுத்தார்.

சாலையிலிருந்து ரயில் நிலையத்துக்கு ஓடு வந்தது 1970இல். ஒசாகாவின் அபிகோச்சோ நிலையம். அங்கும் பக்கத்தில் ஒரு பார்வையற்றோர் பள்ளி இருந்தது. ஆனால் மற்ற நிலையங்களுக்கு அது எளிதில் போய்விடவில்லை. 1973இல் டோக்கியோவின் தகதனோபாபா நிலையத்தில் பார்வையற்ற ஒருவர் நடைமேடையிலிருந்து தவறி விழுந்து ரயில் மோதி இறந்தார். அந்த நடைமேடையில் ஓடு இல்லை. பார்வையற்றோருக்கான பிரெய்ல் நூலகம் அருகிலேயே இருக்கும் நிலையம் அது! பெற்றோர் ஜப்பானிய தேசிய ரயில்வே மீது வழக்குத் தொடுத்தார்கள். 1979இல் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. ரயில்வே மேல்முறையீடு செய்தது. 1986இல்தான் சமரசத்தில் முடிந்தது. ஓடு பரவிய கதையில் மியாகேயின் பெயரைச் சொல்லும் நாம் இந்தப் பெற்றோரையும் நினைக்க வேண்டும். வழக்கு முடிவதற்குள் மியாகே, 1982இலேயே, காலமாகியிருந்தார்.

ஓட்டின் இலக்கணம் மிக எளிது. நீளக் கோடுகள் இருந்தால், கோடு போகும் திசையில் நடக்கலாம். புள்ளிகள் இருந்தால் நிற்க வேண்டும்: முன்னால் படியோ, சாலையோ, தண்டவாளமோ, திருப்பமோ இருக்கிறது. புடைப்பின் உயரம் சுமார் 5 மில்லிமீட்டர்தான். ஆனால் அந்தச் சிறு புடைப்பைச் சரியாக்கவே பல வருடங்கள் பிடித்தன. ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு வடிவில் ஓடு வார்த்ததால் கால்கள் குழம்பின. 2001இல் ஜப்பான் அளவுகளைத் தரப்படுத்தியது. நடைமேடை ஓரத்தில் இன்னொரு சிக்கலும் இருந்தது. புள்ளி வரிசை மட்டும் இருந்தால் தண்டவாளம் எந்தப் பக்கம் என்று தெரியாது. கூட்டத்தில் இடிபட்டுத் திசை மாறியவருக்கு அது உயிர்ப் பிரச்சினை. அதனால் புள்ளிகளுக்கு உட்பக்கமாக ஒரு கோடு சேர்த்தார்கள். கோடு இருக்கும் பக்கம் பத்திரமான பக்கம்.

மஞ்சள் நிறமும் அழகுக்காக வந்ததல்ல. பார்வைக் குறைபாடு உள்ளவர்களில் பலருக்குக் கொஞ்சம் பார்வை மிச்சமிருக்கும். சாம்பல் தரையில் மஞ்சள் அவர்களுக்குத் துலங்கும். தரையோடு பொருந்த வேண்டும் என்று சாம்பல் ஓட்டைத் தேர்ந்தெடுக்கும் கட்டடக் கலைஞர் அவர்களிடமிருந்து வழியைப் பறிக்கிறார். சக்கர நாற்காலியில் போகிறவர்களுக்கோ இதே புடைப்பு அதிர்ச்சியும் தடையும் ஆகலாம். ஆகவே கண்ட இடத்தில் பதிக்காமல், அவர்களுக்குச் சமதளமும் விட்டு, தேவையான இடத்தில் மட்டும் பதிக்க வேண்டும்.

அமெரிக்கா, பிரிட்டன் எனப் பல நாடுகளுக்குப் போன ஓட்டுக்கு 2012இல் ஐஎஸ்ஓ தரமும் வந்தது. இந்தியாவில் மெட்ரோ ரயில் நிலையங்கள் அதைப் பரவலாக அறிமுகப்படுத்தின. சென்னை மெட்ரோவிலும் பார்க்கலாம். அங்கிருந்து நம் ஊர் நடைபாதைகளுக்கு இறங்கியபோதுதான் அது வழி தவறியது. கோட்டு ஓடு நேராக மின்கம்பத்தில் போய் முட்டுகிறது. சாக்கடை மூடி வந்தால் பாதியில் அறுந்து, அப்பால் ஒரு முழம் தள்ளித் தொடங்குகிறது. சில இடங்களில் புள்ளி ஓட்டையே பாதை முழுக்க, பூவேலைபோலப் பரப்பியிருக்கிறார்கள். நில், நில் என்று அடிக்கு அடி சொல்லும் பாதையில் எப்படி நடப்பது? பதிக்கும் கொத்தனாரைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் புள்ளிக்கும் கோட்டுக்கும் அர்த்தம் இருப்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. தவறாகப் பதித்த ஓடு, ஓடே இல்லாததைவிட மோசம். வெறும் தரையில் கோல் தட்டித் தட்டி எச்சரிக்கையாக நடப்பார் ஒருவர். ஓட்டை நம்பி நடப்பவர் நெற்றியில் இடிபடுவார்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொது இடங்களை எல்லோரும் அணுகும்படி அமைக்கச் சொல்கிறது. பார்வையற்றவரான ராஜீவ் ரத்தூரி தொடுத்த வழக்கில், 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருப்பது சட்டத்துக்கே முரண் என்று கூறி, கட்டாயமான விதிகளை மூன்று மாதத்துக்குள் வகுக்க வேண்டும் என்று மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. ரத்தூரி மனுத் தாக்கல் செய்தது 2005இல்.

உள்ளாட்சிப் பொறியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். நடைபாதைக்கு வரைபடம் போடும்போதே பார்வையற்ற ஒருவரை அழைத்துக் கேளுங்கள். ஒப்பந்ததாரரின் பில்லில் கையெழுத்துப் போடும் முன் அவரையே அதில் நடக்கச் சொல்லிப் பாருங்கள். அவருடைய நேரத்துக்கு உரிய ஊதியத்தையும் கொடுங்கள். வாசகர்களுக்கும் ஒன்று: மஞ்சள் ஓட்டின்மேல் வண்டியை நிறுத்தாதீர்கள், யாராவது நிறுத்தியிருந்தால் எடுக்கச் சொல்லுங்கள்.