தூணடியில் தேங்கும் பொறுப்பு

சென்னையின் மீனவர் குப்பமான நொச்சிக்குப்பத்துக்கு வடக்கே கூவம் கடலில் கலக்கிறது, தெற்கே அடையாறு. இவ்விரு ஆறுகளையும் மயிலாப்பூரின் ஊடே இணைப்பது பக்கிங்காம் கால்வாய். அந்தக் கால்வாயை ஒட்டியும் அதன் மேலுமாகத் தூண்கள் மீது பறக்கும் ரயில் ஓடுகிறது. ரயில் பாதையில் விழும் பிளாஸ்டிக், கால்வாயில் மிதக்கும் பிளாஸ்டிக், குப்பத்து வலையில் சிக்கும் பிளாஸ்டிக் என்று மூன்றாகப் பிரித்தே பேசி வருகிறோம். மூன்றும் ஒரே குப்பைதான். அதற்கு ஒரே பொறுப்பாளர் இல்லாதவரை எந்தத் துப்புரவும் நிலைக்காது என்பதை இந்தக் கால்வாயின் வரலாறே சொல்கிறது.

1806-ல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டப்பட்ட கால்வாய், பிறகு வடக்கே ஆந்திரக் கரையோரமாக நீண்டது. தாது வருஷப் பஞ்சத்தில், 1877-78-ல், பசித்து வந்தவர்களுக்குக் கூலி கொடுத்து, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி வெட்டப்பட்டது. ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரும் அப்போது வந்ததுதான். விறகும் உப்பும் நெல்லும் படகில் வந்து மயிலாப்பூரில் இறங்கின. பின்னாளில் ரயிலும் லாரியும் அந்தச் சரக்கை எடுத்துக்கொண்டன. 1965, 1966, 1976 ஆண்டுகளின் புயல்கள் கரைகளைச் சிதைத்தன. படகு நின்றதும் தூர் வாரவேண்டிய கட்டாயமும் போயிற்று. சாக்கடை நீர் நிறைந்தது. நெரிசல் மிக்க நகரில் ரயிலுக்கு இடம் தேடியபோது, அரசு கையிலிருந்த இந்த நீர்வழியே எளிதாகக் கிடைத்தது. 1995-ல் சேப்பாக்கம் வரையும் 1997-ல் திருமயிலை வரையும் ரயில் வந்தது. தூண்கள் பல இடங்களில் கால்வாய்ப் படுகையிலேயே ஊன்றப்பட்டன.

அன்று முதல் ஒரே படுகைக்குப் பல எசமானர்கள். நீர் நீர்வளத் துறைக்கு, பாதையும் நிலையமும் ரயில்வேக்கு, தெருக்குப்பை மாநகராட்சிக்கு. தூண்களின் அடியில் இதன் விளைவு தெரியும். நீரோட்டம் தடைபடும் இடத்தில் பால் பாக்கெட், சிப்ஸ் உறை, தெர்மாகோல், கிழிந்த சிமெண்ட் சாக்கு எல்லாம் ஆகாயத்தாமரையோடு பின்னி மெத்தையாகப் படிந்துவிடுகின்றன. ஒரு துறை அள்ளிக் கரையில் குவித்ததை இன்னொரு துறை எடுத்துப்போகத் தாமதித்தால், அடுத்த மழையில் அது மறுபடி நீருக்கே போகும். ஐப்பசி, கார்த்திகை வெள்ளம் முழுவதையும் முகத்துவாரத்துக்குத் தள்ளிவிட, மிச்ச வேலை மீனவர் தலையில் விழுகிறது.

கரையோரக் குடிசைவாசிகள்தான் கொட்டுகிறார்கள் என்பது வழக்கமான குற்றச்சாட்டு. குப்பை வண்டி நுழையாத சந்துகளில் கால்வாயே தொட்டியாகிவிடுகிறது என்பது உண்மை. ஆனால் அந்த உறைகளையும் சாக்குகளையும் தயாரித்து விற்றவை ஆலைகள். தடைதான் வந்துவிட்டதே என்றும் சொல்வார்கள். தமிழகத்தில் 2019 ஜனவரி முதலும் ரயில்வேயில் அதே ஆண்டு அக்டோபர் 2 முதலும் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை உண்டு. தடை புதிய வரவைக் குறைக்கலாம். ஏற்கெனவே படுகையில் கிடப்பதை அது அள்ளாது. செத்த கால்வாயில் ரயில் விட்டதில் என்ன நஷ்டம் என்பது மூன்றாவது வாதம். ரயில் தேவைதான்; ஆனால் கால்வாய் சாகவில்லை, பெருமழையில் நகரத்து நீர் வடிய இன்றும் அது ஒரு வழி.

தாமதத்தின் விலை என்ன என்பதைக் கடல் காட்டிவிட்டது. 2021-ல் கொழும்புக்கு அருகே எரிந்து மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பலிலிருந்து சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் குருணைகள் கொட்டின. 2025 மே மாதம் கொச்சி அருகே மூழ்கிய எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பலின் குருணைகள் கன்னியாகுமரிக் கரை வரை ஒதுங்கின. சில மில்லிமீட்டர் அளவுள்ள அவற்றை எடுக்க மணலையே சலிக்க வேண்டியிருந்தது. வெயிலில் நொறுங்கும் கால்வாய்ப் பிளாஸ்டிக்கும் கடைசியில் இந்த அளவுக்கு வந்துவிடும். முழு உறையாக இருக்கும்போதே, தூணடியிலேயே எடுத்துவிட வேண்டும். அதற்குக் கூவம் முதல் அடையாறு வரையிலான கால்வாய், பாதை, நிலையம், கரை அனைத்தையும் ஒரே அமைப்பிடம் ஒப்படைத்து, செலவில் ரயில்வேக்கும் உறை தயாரிக்கும் ஆலைகளுக்கும் பங்கு வைக்க வேண்டும். பஞ்சத்தில் அடிபட்டவர்கள் வெட்டிய கால்வாய் இது. அதன் குப்பையை அள்ளும் பாரத்தையும் ஏழைகளான மீனவர்கள் மீதே சுமத்துவது நியாயமில்லை.