மாத்தளை மாவட்டத்தில் இலாப நோக்கற்ற நிறுவனங்களின் சமூக ஊடகப் பயன்பாடு

ஈட்டும் பணத்தை உறுப்பினர்களுக்குப் பங்கிடாமல் பொதுநலப் பணிக்கே செலவிடும் அமைப்புகள் இலாப நோக்கற்ற நிறுவனங்கள் எனப்படும். இவை முகநூல், வட்ஸ்அப், யூடியூப் முதலிய சமூக ஊடகங்களை மக்களுக்குத் தகவல் தரவும், கோரிக்கைகளை முன்வைக்கவும், நன்கொடை திரட்டவும், செலவுக்குக் கணக்குக் காட்டவும் பயன்படுத்துகின்றன. இலங்கையின் மத்திய மாகாணத்தைச் சேர்ந்த மாத்தளை மாவட்டம் 11 பிரதேச செயலாளர் பிரிவுகளைக் கொண்டது. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் இங்கு வாழ்வதாலும், தம்புள்ளைப் பக்கத்து விவசாயக் கிராமங்களின் தேவை வேறு, இரத்தோட்டை, உக்குவெலப் பகுதித் தோட்டங்களின் தேவை வேறு என்பதாலும், எல்லாருக்கும் ஒரே மொழியில் ஒரே பதிவை அனுப்பும் முறை இம்மாவட்டத்தில் பயன் தருவதில்லை.

2023ஆம் ஆண்டு நடைபயணம்

தென்னிந்தியத் தொழிலாளர் இலங்கைத் தோட்டங்களுக்கு வரத் தொடங்கிய 1823ஆம் ஆண்டிலிருந்து 200 ஆண்டுகள் நிறைவுற்றதை முன்னிட்டு, ‘மாண்புமிகு மலையக மக்கள்’ என்னும் பெயரில் ஒன்றிணைந்த குடிசார் அமைப்புகள் 2023 யூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் ஒரு நடைபயணத்தைத் தொடங்கி, ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் நிறைவுசெய்தன. மன்னார்க் கரையில் இறங்கிய தொழிலாளர் காடுகளின் ஊடாக நடந்து, வழியில் நோயாலும் பசியாலும் பலரை இழந்து, மாத்தளை வழியாக மலைநாட்டை அடைந்த பழைய பாதையை நினைவூட்டும் வகையில் இப்பயணம் அமைந்தது. காணியுரிமை, வீட்டுரிமை, வாழ்வதற்குப் போதிய ஊதியம், தமிழ்மொழிச் சமத்துவம் ஆகியவை அதன் கோரிக்கைகளுள் அடங்கும்.

பயணச் செய்திகளும் படங்களும் சமூக ஊடகங்களில் பகிரப்பட்டதால், நடக்க இயலாதவர்களும் வெளிநாடுகளில் வாழ்வோரும் அதைத் தொடர்ந்து அறிய முடிந்தது. ஊர் ஊராகச் சென்ற நடையே செய்தியாக அமைந்தமையால், பதிவுக்கெனப் பொருள் தேட வேண்டிய நிலை எழவில்லை. களப்பணி முன்செல்ல ஊடகம் அதைப் பின்தொடர வேண்டும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

தளங்களும் பயனாளரும்

முகநூல் பக்கம் பொதுமக்களுக்கும் நன்கொடையாளருக்கும் ஏற்றது. வட்ஸ்அப் குழு, ஒருவரையொருவர் அறிந்த தோட்டத்தவர்க்கும் கிராமத்தவர்க்கும் ஏற்றது. எழுத்து வாசிக்க இயலாத முதியோருக்குக் குரல்பதிவு உதவும். இணைய வேகம் குறைந்த, லயன் எனப்படும் தோட்டத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்புகளில் நீண்ட காணொளியைவிட ஒரு நிமிடக் குரல்பதிவே எளிதில் சென்றடையும். அறிவித்தல் குழுக்களில் நிர்வாகிகள் மட்டும் பதிவிடும்படி அமைத்தால், காலை வணக்கப் படங்களுக்கிடையே தேவையான செய்தி மறைந்துபோகாது.

அனர்த்த காலப் பயன்பாடு

நக்கிள்ஸ் மலைத்தொடரின் சரிவுகளை உள்ளடக்கிய இம்மாவட்டத்தில் மண்சரிவு அபாயம் உண்டு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று நிலைகளில் பிரதேச செயலாளர் பிரிவு வாரியாக எச்சரிக்கை விடுக்கிறது. அவற்றுள் சிவப்பு, இடத்தைவிட்டு வெளியேற வேண்டிய நிலையைக் குறிக்கும். ஒவ்வோர் எச்சரிக்கையும் குறித்த காலத்துக்கே செல்லுபடியாகும். ஆகவே அதைப் பகிரும் அமைப்பு திகதி, நேரம், பிரிவின் பெயர் ஆகியவற்றையும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்னும் இலக்கத்தையும் சேர்த்தே வெளியிட வேண்டும். திகதியற்ற பழைய எச்சரிக்கைப் படம் வீண் பீதியையோ, அடுத்த எச்சரிக்கையின்மீது அலட்சியத்தையோ உண்டாக்கும்.

நம்பகத்தன்மையும் சட்டமும்

அயல் மாவட்டமான கண்டியில் 2018 மார்ச்சில் முஸ்லிம்களுக்கு எதிராக வன்முறை வெடித்தபோது, வெறுப்புப் பதிவுகள் பரவியதைக் காரணங்காட்டி அரசு சமூக ஊடகங்களைத் தற்காலிகமாக முடக்கியது. அவ்வன்முறையில் தன் தளம் தவறாகப் பயன்பட்டமைக்கு முகநூல் நிறுவனம் 2020இல் மன்னிப்புக் கோரியது. இணையத் தளத்தை மட்டும் நம்பாமல், தொலைபேசிப் பட்டியலையும் தோட்டந்தோறும் ஒரு தொடர்பாளரையும் வைத்திருப்பதன் தேவையை அம்முடக்கம் உணர்த்துகிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும், 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் அமைப்புகள் கருத்திற்கொள்ள வேண்டியவை. நிவாரணப் பொதி பெறும் சிறுவரின் முகத்தையும் பெயரையும் வெளியிடாமல், பொருள் வாங்கிய பற்றுச்சீட்டையும் வழங்கிய தொகையையும் வெளியிடுவது, பெறுவோரின் மதிப்பையும் கொடுத்தோரின் நம்பிக்கையையும் ஒருங்கே காக்கும்.

பயனை அளவிடல்

விருப்பக்குறிகளின் எண்ணிக்கை ஒரு பதிவு எத்தனை பேரைக் கவர்ந்தது என்பதை மட்டுமே காட்டும். பிறப்புச் சான்றிதழுக்கும் அடையாள அட்டைக்குமான நடமாடும் சேவையை அறிவிக்கும் அமைப்பு, அறிவித்தலைக் கேட்டு எத்தனை பேர் வந்தனர், எத்தனை பேர் ஆவணம் பெற்றனர் என்பதைப் பதிந்து வைக்கும்போதே, தன் ஊடகப் பணியின் உண்மைப் பயனைக் கணிக்க முடியும்.